எத்தனை நாள் வைத்திருப்பது

கணினிகள் ஒன்றுக்கொன்று பொது மடல்களைக் கைமாற்றிக்கொள்ளும் யூஸ்நெட் என்ற வலையில் முதலில் எழுதியவர்கள், எழுதியது கொஞ்ச நாளில் அழிந்துபோகும் என்று தெரிந்தே எழுதினார்கள். 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டொம் ட்ரஸ்கொட், ஜிம் எல்லிஸ் என்ற இரண்டு மாணவர்கள் அந்த ஏற்பாட்டை யோசித்தார்கள். பக்கத்தில் வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டீவ் பெலோவின் அதற்கான முதல் நிரலை எழுதினார். ஒரு கணினி இரவில் இன்னொரு கணினியைத் தொலைபேசியில் அழைக்கும். தன்னிடம் வந்த புதிய மடல்களைக் கொடுத்து, அங்கே புதிதாக இருப்பவற்றை வாங்கிக்கொள்ளும். அது அடுத்ததை அழைக்கும். தலைமை நிலையம் என்று எதுவும் இல்லை. வட்டில் இடம் அரிதாக இருந்த காலம் அது. ஆகவே ஒரு மடல் ஒரு கிழமையோ இரண்டு கிழமையோ இருந்துவிட்டு, வரப்போகிற மடலுக்கு இடம் விட்டுப் போய்விடும். எந்தப் பேச்சு எத்தனை நாள் இருக்கலாம் என்பதை, அந்தந்த ஊரில் கணினியைப் பார்த்துக்கொண்டவர் தீர்மானித்தார்.

இந்தக் கடைசி விடயம்தான் என்னைப் பல வருடங்களாக விடாமல் பிடித்திருக்கிறது. கண்டியில், கட்டுகஸ்தோட்டைப் பக்கம், எங்கள் வீட்டு மேல்மாடியில் ஒரு சின்ன நியூஸ்குரூப் சேர்வரை நடத்துகிறேன். பொது யூஸ்நெட்டோடு அதற்குத் தொடர்பில்லை. பேராதனையில் ஒன்றாகப் படித்தவர்கள், அவர்கள் கூட்டிவந்த சிலர், ஹட்டனிலும் பதுளையிலும் படிப்பிக்கிற ஆசிரியர்கள், நீலகிரிப் பக்கம் கூடலூரில் ஒரு நண்பர், டொரன்டோவில் ஒரு நண்பர் என்று, எல்லோரையும் பெயர் சொல்லி விசாரிக்கக்கூடிய அளவுக் கூட்டம். டொரன்டோ நண்பர் தம் வீட்டிலும் இதே மாதிரி ஒரு சேர்வர் வைத்திருக்கிறார். இரண்டும் மடல்களைக் கொடுத்து வாங்கிக்கொள்ளும். வாசிப்புக்கு ஒரு குழு, மலையக வரலாற்றுக்கு ஒரு குழு, கணினி விடயங்களுக்கு ஒன்று, வீட்டுக் கதைகளுக்கு ஒன்று. அவ்வளவுதான்.

வட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நீண்ட மடல் எழுதலாம், இழை பிரிந்து குழம்பாது, மூன்று வருடத்துக்கு முந்திய விவாதத்தை நின்ற இடத்திலிருந்து தொடரலாம் என்றெல்லாம் சொல்லலாம், எல்லாம் உண்மை. ஆனால் நான் இதைக் கட்டிக்காப்பதற்கு இவை எதுவும் முதற்காரணம் இல்லை. நாம் பேசிய பேச்சு எங்கே இருக்கிறது, யார் பார்க்கலாம், எப்போது அழியும் என்ற மூன்று கேள்விகளுக்கும், ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள் கூடிப் பதில் சொல்ல முடிகிற இடம் இன்று மிகக் குறைவு. அந்தப் பதிலை யாரோ ஒரு நிறுவனம் எங்களுக்காக எழுதி வைத்துவிடுகிறது. அதைக் கடைசிவரை வாசித்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

எங்கள் சேர்வரில் ஓடுவது ஐ.என்.என். என்ற மென்பொருள். 1990களின் தொடக்கத்தில் ரிச் சால்ஸ் எழுதியது; இன்றும் பராமரிக்கப்படுகிறது. அதன் அமைப்புக் கோப்புகளில் ஒன்று காலாவதிக்கானது. குழுவுக்கு ஒரு வரி. அந்த வரியில் மூன்று எண்கள்: குறைந்தபட்சம் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், அதிகபட்சம் எத்தனை நாள். நடு எண் எல்லோருக்கும் விளங்கும். முதலாவதும் மூன்றாவதும் எதற்கென்றால், எழுதுபவரும் தன் மடலின் தலைப்பகுதியில் ஒரு காலாவதித் திகதியைக் குறிக்க முடியும். நாளைக்கே இது போய்விட வேண்டும் என்று அவர் கேட்கலாம்; இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். நடத்துபவர் போட்ட குறைந்தபட்ச, அதிகபட்ச எல்லைகளுக்குள் அந்த வேண்டுதல் மதிக்கப்படும். எழுதியவரின் விருப்பத்துக்கும் இடத்தைக் காப்பவரின் பொறுப்புக்கும் இடையே இவ்வளவு மரியாதையாக எல்லை வகுத்த ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இன்றைய செயலிகளில் மறையும் செய்தி என்று ஒன்று உண்டு. ஆனால் அங்கே காப்பவர் என்று ஒரு மனிதர் இல்லை, அவரிடம் போய்க் காரணம் கேட்கவும் முடியாது.

இரவில் ஒருமுறை சேர்வர் தானாகவே இந்தக் கோப்பைப் படித்து, நாள் கடந்தவற்றை அழித்து, எனக்கு ஓர் அறிக்கை அனுப்பும். காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது அதைப் பார்ப்பேன். எத்தனை மடல் வந்தது, எத்தனை போனது, டொரன்டோவிடமிருந்து எத்தனை வாங்கியது. அழிந்த மடலை இந்தச் சேர்வரிலிருந்து திருப்பி எடுக்க முடியாது என்பதால், அழிந்தவற்றின் எண்ணிக்கையை நான் அசட்டையாகப் பார்ப்பதில்லை.

2018 மார்ச் மாதம் இந்த ஊருக்கு என்ன நடந்தது என்பது கண்டிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திகன, தெல்தெனிய, அக்குரணை, கட்டுகஸ்தோட்டை என்று முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஊரடங்கு போட்டார்கள்; 6ஆம் திகதி நாடு முழுக்க அவசரகால நிலை வந்தது; அடுத்த நாள் முகநூல், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாம் முடக்கப்பட்டன. வெறுப்பும் வதந்தியும் அவற்றின் வழியே பரவின என்பது உண்மை. தன் தளம் அப்போது பயன்படுத்தப்பட்ட விதத்துக்காக முகநூல் நிறுவனமே 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. சிங்களத்தில் எழுதப்படுவதைப் படித்துப் புரிந்து நிறுத்தக்கூடியவர்கள் அவர்களிடம் போதிய அளவு இருக்கவில்லை. கோடிக்கணக்கானவர்கள் பேசுகிற இடத்தை, அந்த ஊர்ப் பேச்சே விளங்காதவர்கள் தூர தேசத்தில் இருந்து பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் சேர்வரை எவரும் முடக்கவில்லை. முடக்க வேண்டிய பட்டியலில் சேர்க்கிற அளவுக்கு அது எவர் கண்ணிலும் படவில்லை. வீட்டுக் கம்பி இணைப்பு விட்டுவிட்டு எடுத்த அந்த நாட்களில், வீட்டுக் கதைகளுக்கான குழுவில் மடல்கள் வந்துகொண்டே இருந்தன. யார் எங்கே இருக்கிறார்கள், யார் வீட்டில் யார் தங்கியிருக்கிறார்கள், எந்தப் பாதை திறந்திருக்கிறது. பிறகு ஒரு மடல் வந்தது. அயலவர் சொன்னதாக, ஒரு கிராமத்தின் பெயரைப் போட்டு, அங்கே இரவு வாகனங்களில் ஆட்கள் வரப்போகிறார்கள் என்று. எழுதியவர் நல்ல மனிதர், பயத்தில் எழுதினார். ஆனால் அந்தக் கிராமத்தில் எங்களில் ஒருவரின் அக்கா குடும்பம் இருந்தது.

ஒவ்வொரு குழுவுக்கும் சேர்வரில் ஓர் எழுத்துக் குறி உண்டு. ஒரு குறி இருந்தால் எவரும் எழுதியது உடனே போகும். இன்னொரு குறி போட்டால், எழுதியது முதலில் நடத்துபவரிடம் வந்து, அவர் பார்த்த பிறகே குழுவுக்குப் போகும். நான் அந்தக் குறியை மாற்றினேன். அக்கா வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினோம். அப்படி எதுவும் இல்லை, ஆனால் யாரும் தூங்கவில்லை என்றார்கள். பிறகு குழுவில் என் பெயரில் ஒரு மடல் போட்டேன்: இன்ன மடல் உறுதி இல்லாதது, நாங்கள் விசாரித்தோம், இனிமேல் சில நாட்களுக்கு வருகிற எல்லாவற்றையும் நான் படித்துத்தான் விடுவேன், இது பிடிக்காதவர்கள் எனக்குத் தொலைபேசி எடுக்கலாம்.

அரசாங்கம் நாட்டுக்குச் செய்ததை நான் எங்கள் சின்னக் கூட்டத்துக்குச் செய்தேனா என்று நண்பர் ஒருவர் பிறகு கேட்டார். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. தடுத்தது தடுத்ததுதான். ஆனால் எங்கள் விடயத்தில் தடுத்தவரின் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, காரணம் அதே நாளில் எழுத்தில் இருந்தது, கேள்வி கேட்க ஒரு தொலைபேசி எண் இருந்தது, யாருடைய மடலும் இரகசியமாகக் காணாமல் போகவில்லை. அதிகாரம் இருக்கிற இடத்தில் அதிகாரமே இல்லை என்று பாவனை செய்வது எனக்கு ஒவ்வாத காரியம். சேர்வர் நடத்துபவரிடம் அதிகாரம் இருக்கிறது. அதை முகம் காட்டிப் பயன்படுத்த வேண்டும். மறுபடி அப்படி ஒரு வாரம் வந்தால் மறுபடியும் அந்தக் குறியை மாற்றுவேன்.

தொடர்ச்சியான இணைப்பு கிடைக்கும் என்று நம்பிக் கட்டப்பட்டதல்ல யூஸ்நெட். இந்தக் குணம் இலங்கைக்கு நன்றாகப் பொருந்துகிறது. எங்கள் நாட்டின் முதல் மின்மடல்களும் அப்படித்தான் போய் வந்தன. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று உருவாக்கிய லேர்ன் வலையமைப்பில், 1990களின் தொடக்கத்தில், பல்கலைக்கழகங்களுக்கு இடையே தொலைபேசி அழைப்பில்தான் மடல்கள் தொகுதி தொகுதியாகக் கைமாறின. பொதுமக்கள் காசு கொடுத்து இணையத்தைப் பெறக்கூடிய நிலை 1995இல்தான் வந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தபோது, எங்கள் சேர்வர் ஒரு வகையில் தன் சொந்தக் காலத்துக்குத் திரும்பியது. மின்சாரம் இல்லாத நேரம் அது உறங்கும். டொரன்டோவில் இருக்கும் சேர்வர், கண்டிக்குப் போக வேண்டியவற்றை ஒரு நிலுவைக் கோப்பில் அடுக்கி வைத்துக்கொள்ளும். மின்சாரம் வந்ததும் ஒன்று மற்றதிடம் கேட்கும்: இந்த அடையாளமுள்ள மடல் உன்னிடம் இருக்கிறதா? இல்லை என்றால் தரும், இருக்கிறதென்றால் அடுத்ததற்குப் போகும். ஒவ்வொரு மடலுக்கும் உலகத்தில் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாளக் குறி இருப்பதால் எதுவும் இரண்டு தரம் வராது. அந்த மாதங்களில் நாங்கள் ஒரு மடலைக்கூட இழக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மழை மலைகளைச் சரித்து, கண்டி மாவட்டத்தையே துண்டு துண்டாக்கியபோதும் இதே கதைதான். மின்சாரம் திரும்பி வந்த உடனே உள்ளே வந்து விழுந்தவற்றில் முக்கால்வாசி, வெளியே இருந்தவர்கள் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்ட மடல்கள். எல்லோரும் பத்திரமா.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு தன்னியல்பாக இடம் கொடுக்கவில்லை. பழைய விதிகள் ஆங்கில எழுத்தை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. 1990களில் சொக்.கல்ச்சர்.தமிழ் என்ற பொதுக்குழுவில் எழுதியவர்கள் ரோமன் எழுத்தில்தான் தமிழை எழுதினார்கள். பிறகு கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு, முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருள், அப்புறம் டிஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டு முறை என்று ஒவ்வொரு படியாக ஏறி, யூனிகோடுக்கு வந்து சேர்ந்தோம். இன்றும் குழுப் பெயர்களை ரோமன் எழுத்தில்தான் வைக்க வேண்டியிருக்கிறது. யூனிகோடின் யு.டி.எஃப்-8 வடிவில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். பேராதனை என்ற ஒரே சொல்லுக்கு 21 பைட். மடலில் ஒரு வரி 998 பைட்டைத் தாண்டக்கூடாது என்று விதி. ஆங்கிலத்தில் அது பெரிய பத்தி. தமிழில் நாலைந்து வாக்கியத்திலேயே எல்லை வந்துவிடும். வரியை மடிக்காமல் நீளமாக எழுதுகிறவர்களின் மடலை வாங்க முடியாது என்று சேர்வர் திருப்பி அனுப்பும், அவர்கள் எனக்குத் தொலைபேசி எடுப்பார்கள். மடலின் தலைப்பில் எழுதிய தமிழோ, சேமிப்பில் ரோமன் எழுத்தும் எண்ணும் கலந்த குவியலாக மாறிப்போயிருக்கும். நேரடியாகத் தேடினால் எதுவும் கிடைக்காது. குறிநீக்கித் தேடுவதற்குத் தனியாக ஒரு சிறு நிரல் எழுத வேண்டியிருந்தது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நண்பர் ஒருவர் தம் பழைய மின்மடல்களை ஒரு பெட்டி நிறைய ஃபுளொப்பி வட்டுகளில் கொண்டுவந்து, வரலாற்றுக் குழுவில் சேர்க்க முடியுமா என்று கேட்டார். வாசிக்க முடிந்தவற்றில் பாதி டிஸ்கியில் இருந்தன, சில எந்த எழுத்துருவில் எழுதப்பட்டவை என்றே தெரியவில்லை. எழுத்துரு இல்லாமல் அவை வெறும் குறிகள். காலாவதிக் கோப்பில் ஒரு குழுவுக்கு நேரே ஒருபோதும் அழிக்காதே என்று எழுதிவிடுவது ஒரு நிமிட வேலை. அப்படி வைத்ததைப் பத்து வருடத்துக்குப் பிறகு இன்னொருவர் வாசிக்கும்படி செய்வது வேறு வேலை. வட்டு மாற வேண்டும், எழுத்து மாற வேண்டும், மாற்றும்போது உடைந்த சொற்களை ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால், அழிக்காமல் வைத்திருந்தும் பயனில்லை.

பொது யூஸ்நெட்டின் கதையும் இதையே சொல்கிறது. கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் கணினிகளைப் பார்த்துக்கொண்ட ஹென்றி ஸ்பென்சர், 1981 முதல் பத்து வருடம், வந்த மடல்களைக் காந்த நாடாவில் பிரதி எடுத்து வைத்தார். 141 நாடாக்கள், இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மடல்கள். அவர் அப்படிச் செய்திராவிட்டால் அந்தக் காலத்துப் பேச்சின் பெரும்பகுதி போயிருக்கும். 1995இல் டெஜா நியூஸ் என்ற நிறுவனம் எல்லாவற்றையும் சேமித்துத் தேடக்கூடியதாக்கியது. 2001இல் கூகுள் அதை வாங்கியது. ஸ்பென்சரின் நாடாக்களும் அங்கே போய்ச் சேர்ந்தன. ஒரு கிழமையில் அழிந்துவிடும் என்று நம்பி எழுதியவர்களின் சொற்கள் இருபது வருடத்துக்குப் பிறகு எவரும் தேடிப் பார்க்கக்கூடியவை ஆகின. பிரியத்தோடு பார்த்தவர்களும் உண்டு, பழைய கோபத்தைத் தோண்டி எடுத்தவர்களும் உண்டு. சொக்.கல்ச்சர்.ஸ்ரீலங்கா குழுவில் போர்க்காலத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருந்த எங்கள் நாட்டுப் பிள்ளைகள், தமிழரும் சிங்களவரும், இரவிரவாக ஒருவரையொருவர் திட்டி எழுதியவை அந்தச் சேமிப்பில் அப்படியே இருந்தன. இருபது வயதில் எழுதியதை ஐம்பது வயதில் தன் பெயரோடு பார்ப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

2020இல், சில மடல்களை நீக்கச் சொல்லி ஒருவர் தொடர்ந்து சட்டப்படி நெருக்கியதால், இன்டர்நெட் ஆர்க்கைவ் தன்னிடம் இருந்த ஸ்பென்சர் சேமிப்பை முழுவதுமாகவே எடுத்துவிட்டது. 2010இலேயே, எல்லாம் தொடங்கிய டியூக் பல்கலைக்கழகம் தன் சேர்வரை நிறுத்தியிருந்தது. 2024 பெப்ரவரியில் கூகுள் யூஸ்நெட்டில் புதிய மடல்களை ஏற்பதையும் அனுப்புவதையும் கைவிட்டது. வைத்திருந்தவர்களும் எழுதியவர்களைக் கேட்டு வைக்கவில்லை, விட்டவர்களும் கேட்டு விடவில்லை.

எங்களிடமும் நீக்கச் சொல்லி ஒருவர் வந்தார். கூடலூர் நண்பர். அவருடைய குடும்பம், மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்த 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி இந்தியா போன பல இலட்சம் பேரில் ஒன்று. கண்டிக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்த அவருடைய அம்மா, போன பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை. அம்மா சொல்லக் கேட்டவற்றை நண்பர் வரலாற்றுக் குழுவில் தொடராக எழுதினார். பத்திரம் முடிப்பதற்கு யாருக்குக் காசு கொடுத்தார்கள், எந்த உறவினர் பெயரைக் கடைசி நேரத்தில் பட்டியலில் விட்டுவிட்டார்கள், யார் யாரைப் பிரிந்தார்கள். நாங்கள் எல்லோரும் காத்திருந்து வாசித்த தொடர் அது. ஒரு நாள் அவர் அழைத்தார்.

“அண்ணே, அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். மாமா விசயத்த ஏன் எழுதுனேன்னு ஒரே அழுகை. அந்த மடல எடுத்துருங்கண்ணே.”

யூஸ்நெட்டில் மடலை நீக்குவதற்கென்று ஒரு மடல் உண்டு. நீக்கு என்று கட்டளையிடும் அது, மற்ற மடல்கள் போன வழியிலேயே போய், ஒவ்வொரு சேர்வரிலும் அதை நிறைவேற்றச் சொல்லும். பொது யூஸ்நெட்டில் பிறர் பெயரில் பொய்யாக அதை அனுப்பி, பிடிக்காதவர்களின் பேச்சை அழித்தவர்கள் பெருகியதால், பல சேர்வர்கள் அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிவதையே நிறுத்திவிட்டன. எங்கள் இரண்டு சேர்வரிலும் அது வேலை செய்கிறது. ஆனால் உறுப்பினர்கள் பலர் மடல்களைத் தங்கள் கணினியில் இறக்கி வைத்திருப்பவர்கள். அங்கே என் கை எட்டாது. டொரன்டோ நண்பர் தம் பக்கத்து மாதாந்தப் பிரதிகளிலிருந்தும் எடுத்தார். பிறகு நான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தொலைபேசி எடுத்து, அம்மா கேட்கிறார், உங்களிடம் இருப்பதையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். எடுத்தோம் என்றார்கள். எல்லோரும் எடுத்தார்களா என்று நான் சோதிக்கவில்லை, சோதிக்கவும் மாட்டேன்.

ஒருவர் மட்டும் வாதாடினார். மலையக மக்களின் கதை இப்படியே ஒவ்வொன்றாக அழிந்துதானே நமக்கு வரலாறு இல்லாமல் போனது என்றார். காகிதம் இல்லாமல், பிறப்புச் சாட்சி இல்லாமல், குடியுரிமை இல்லாமல் அலைந்த ஒரு சமூகத்தில், எழுதிய ஒன்றை நாமே அழிப்பதா? அவர் பேச்சில் நியாயம் இருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் பின், பத்திரம் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் என்ன நடந்தது என்று எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் கதை உண்டு. ஆனாலும் நான் அம்மாவின் பக்கம் நின்றேன். வரலாறு வேண்டும் என்பதற்காக, உயிரோடு இருக்கிற ஒருவரின் துயரத்தை அவருக்குத் தெரியாமல் எடுத்துவைக்கிற உரிமை நமக்கு இல்லை. மாமா பற்றிய அந்த ஒரு மடல் போக, மீதித் தொடர் இருக்கிறது. அது அம்மா சம்மதித்து இருக்கிறது.

2024 பெப்ரவரி 1 முதல் நாட்டில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இணையத்தில் பிறர் எழுதுவதற்கு இடம் கொடுப்பவர்களுக்கும் அதில் பொறுப்புகள் உண்டு. அது வந்தபோது குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. சிலர் சேர்வரைக் கண்டியிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்கள். எடுக்கவில்லை. எங்கள் பேச்சுக்கு எங்கள் ஊரில் ஒரு வீடு இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அந்த விவாதத்துக்குப் பிறகு வீட்டுக் கதைகளுக்கான குழுவில் வழக்கமான நாளை ஒரு வருடத்திலிருந்து தொண்ணூறு நாளாகக் குறைத்தோம். எல்லோருடைய சம்மதத்தோடும் குறைத்தது.

கண்டிக்கு அச்சில் நல்ல மரபு இருக்கிறது. இந்த ஊரவரான சித்திலெப்பை 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கினார். பேராதனைத் தமிழ்ச் சங்கத்து மாணவர்கள் இளங்கதிர் இதழை வெளியிட்டார்கள். 2000இல் ஞானம் சஞ்சிகை இங்கிருந்து வரத் தொடங்கியது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், இலங்கையின் தமிழ் பேசும் சமூகங்களின் இப்படியான இதழ்களைத் தேடித் தேடி மின்வடிவில் காத்துவருகிறது. அவர்கள் செய்வது மிகப் பெரிய காரியம். எங்கள் வாசிப்புக் குழுவின் மடல்களையும் ஒரு நாள் அப்படி ஓரிடத்தில் கொடுக்கலாமே என்ற யோசனை இப்போது எழுந்திருக்கிறது. புத்தகம் பற்றிய நல்ல எழுத்து அங்கே நிறைய உண்டு, சிலவற்றை அச்சில்கூடக் காணக் கிடைக்காது. ஆனால் சஞ்சிகைக்கு எழுதியவர், அச்சாகும் என்று தெரிந்து எழுதினார். எங்களில் எவரும் அப்படி எழுதவில்லை.

இதை எங்களுக்குத் தெளிவாகக் காட்டியது ஒரு மரணம். குழுவில் மூத்தவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், இரண்டு வருடத்துக்கு முன் காலமானார். எல்லோரும் அவரை சேர் என்றே அழைப்போம். அப்பா எழுதியவை வேண்டும் என்று மகள் கேட்டார். அவருடைய மடல்களை எல்லாம் ஒரே கோப்பாக்கிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு மறுபடி அழைத்தார். அப்பா யாருக்கோ பதில் எழுதுகிறார், கேள்வி இல்லாமல் பதில் விளங்கவில்லை, மற்றவர்கள் எழுதியதும் கிடைக்குமா என்று கேட்டார். அவை சேரின் சொற்கள் அல்ல, என்னுடையவையும் அல்ல. எழுதியவர்களை ஒவ்வொருவராகக் கேட்டேன். பெரும்பாலோர் சந்தோசமாகச் சம்மதித்தார்கள். ஒருவர் தம் சில மடல்களைத் தவிர்க்கச் சொன்னார், காரணம் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அந்த இடங்களை வெறுமையாக விட்டு, இங்கே ஒரு மடல் இருந்தது, எழுதியவர் விருப்பப்படி சேர்க்கப்படவில்லை என்று குறித்துக் கொடுத்தேன்.

வாசிப்புக் குழுவை என்ன செய்வது என்பதையும் அதே முறையில்தான் முடிவு செய்யப் பார்க்கிறோம். ஒவ்வொருவரும் தம் மடல்களைத் தாமே பார்த்து, எதைக் கொடுக்கலாம் எதைக் கூடாது என்று சொல்ல வேண்டும். ஹட்டன் ஆசிரியை ஒருவர் தம்முடையதைப் பார்த்து முடித்துவிட்டார். டொரன்டோ நண்பர் இன்னும் தொடங்கவில்லை. சேர்வரின் வேலைகளை இளைய உறுப்பினர் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். காலாவதிக் கோப்பில் கை வைப்பதற்கு முன் குழுவில் சொல்ல வேண்டும் என்பதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தேன். எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை வாசிப்புக் குழுவின் வரியில் எந்த மாற்றமும் இல்லை: எதையும் அழிப்பதில்லை, எவருக்கும் கொடுப்பதுமில்லை.